பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் குறைந்த செலவில் சீர்செய்து வீட்டுக் காவலுக்கு வைக்கலாமா?

செம்பனைக்காரன் (நிபோங் திபால், பினாங்கு):

அனைவருக்கும் வணக்கம். நிபோங் திபால் பக்கம் எனக்குச் சிறிய செம்பனைத் தோட்டம் ஒன்று உண்டு. காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்து, காவல்துறையின் ஒப்புதல் கிடைக்கும் நிலையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வயது காரணமாகத் தம்முடைய 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியை உரிமம் பெற்ற கடை ஒன்றின் வழியாகக் கைமாற்ற விரும்புகிறார். பர்மிங்காமில் செய்யப்பட்ட பழைய துப்பாக்கி. குழலின் உள்ளே ஆங்காங்கே துரு தெரிகிறது; பின்கட்டையின் (தோளில் அணைக்கும் மரப்பகுதி) கழுத்தில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடுகிறது; கருநீலப் பூச்சு பாதி போய்விட்டது. துப்பாக்கியின் விலை போக, சீரமைப்புக்கு என்னால் 1,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஒதுக்க முடியாது.

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அண்மையில் இரண்டு வீடுகளில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். ஆகவே தோட்டத்துக்கு மட்டுமன்றி, இரவில் வீட்டுக்கும் இது ஒரு காவலாக இருக்கும் என்று நினைக்கிறேன். பூச்சை முதலில் புதுப்பிப்பதா, கட்டையை முதலில் பார்ப்பதா? வீட்டுக்குள் திருப்புவதற்கு வசதியாகக் குழலை ஒரு முழம் குறைத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய கிராணி (சுங்கை பாக்காப்):

தம்பி, தோட்டங்களில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவர்களின் வீடுகளில் இப்படிப்பட்ட துப்பாக்கிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். 1948 முதல் 1960 வரை அவசரகாலம் இருந்தபோது ஊர்க்காவல் படையினருக்கும் ரவைத் துப்பாக்கிகள் (சிறு குண்டுகள் சிதறிப் பாயும் துப்பாக்கிகள்) கொடுக்கப்பட்டன. அதன் பிறகு தோட்டத் துரைமார்கள் விட்டுச் சென்றவை, கடைகளில் கைமாறியவை என்று பலவும் இந்தப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் பாதி பார்ப்பதற்கு அழகாக இருக்கும், சுடுவதற்கு ஆகாது. மறுபாதி பார்க்கவே சகிக்காது, ஆனால் குழல் சுத்தமாக இருக்கும்.

ஆகவே பூச்சைப் பற்றிய பேச்சை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். அந்த 1,500 வெள்ளியில் முதல் செலவு குழலை அளந்து பார்ப்பதற்குப் போகட்டும். அளவு சரியில்லை என்றால், மிச்சப் பணம் உங்கள் பையிலேயே இருக்கும்; துப்பாக்கி பெரியவரிடமே இருக்கும்.

பட்டறைவாசி (ஜார்ஜ் டவுன்):

ஐயா சொன்னதே சரியான வரிசை. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றின் பழுதுபார்ப்புப் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில், அங்கே நாங்கள் எதை எதைப் பார்ப்போம் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். இவற்றில் சிலவற்றை நீங்கள் கடையிலேயே, கடைக்காரர் முன்னிலையில், உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இரண்டு தோட்டா அறைகளும் காலியாக இருக்கின்றன என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடிய நிலையில் பின்கட்டையின் கழுத்தைப் பிடித்து மெல்லக் குலுக்குங்கள். கீலிலோ பூட்டிலோ தேய்மானம் இருந்தால் குழல் ஆடுவது கையில் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது குழலின் பின்முனைக்கும் இயக்கப் பெட்டியின் (விசைப்பொறி உள்ள உலோகப் பகுதி) முகத்துக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிந்தால், அந்தத் துப்பாக்கியை மறுபடி இறுக்கிப் பொருத்துவதற்கு ஆகும் கூலி உங்கள் ஒதுக்கீட்டை விழுங்கிவிடும்.

அடுத்து, குழல்களைத் தனியே கழற்றி, அடியிலுள்ள கொக்கியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டச் சொல்லுங்கள். இரு குழல்களையும் இணைக்கும் பட்டை நல்ல பற்றுடன் இருந்தால் ஓசை நீண்டு ஒலிக்கும். பற்று விட்டுப்போயிருந்தால் விரிசல் விழுந்த மண்சட்டியைத் தட்டியது போல மொத்தென்று கேட்கும். பட்டைக்கு அடியில் ஈரம் புகுந்து, வெளியே தெரியாமல் துரு தின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. கடலோரக் காற்றில் பல ஆண்டுகள் இருந்த துப்பாக்கியில் இதைச் சோதிக்காமல் விடக் கூடாது.

பிறகுதான் துரு. குழலின் உட்புறத்தை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கும்போது ஒளி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நசுங்கிய நிழல் தெரிந்தால் அங்கே குழல் ஒடுங்கியிருக்கிறது. மேலாகப் படிந்த துரு எண்ணெய்க்கும் தூரிகைக்கும் போய்விடும். ஆழமான துருக்குழிகளைத் தேய்த்து எடுக்க வேண்டுமானால் உலோகத்தையும் சேர்த்தே தேய்க்க வேண்டும். அப்போது சுவர்த் தடிப்பு குறையும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் மிக மெல்லிய இடத்தில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது தொழிலில் பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது, அதற்கென்று அளவுகோல் உண்டு. முன்னர் யாரோ ஒருவர் உள்ளே பளபளவென்று மெருகேற்றிவிட்டு விற்கிறார் என்றால், அந்தப் பளபளப்பைக் கண்டு மகிழாமல், எவ்வளவு உலோகம் போயிருக்கும் என்று கேளுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் அது இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மில்லிமீட்டர். தோட்டாவின் நீளம், அதைச் சுட்டபின் அதன் வாய் மடிப்பு விரிந்த நிலையில் அளக்கப்படுவது. ஆகவே சுடாத 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் நுழைந்துவிடும். துப்பாக்கியும் ஒழுங்காக மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகும் பகுதிக்குள் போய் அடைத்துக்கொள்ள, அழுத்தம் எகிறிவிடும். நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

குழலின் அடிப்பக்கத்தில் உள்ள சோதனை முத்திரைகளைப் படம் எடுத்து வையுங்கள். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 முதல் இயங்கிவருகிறது. கிரீடத்தின் கீழே பி.என்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்ட குழல் அது. பக்கத்தில் அறை நீளமும், 1950-களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது என்றால் எத்தனை டன் அழுத்தத்துக்கு உரியது என்பதும் பொறிக்கப்பட்டிருக்கும். குழலின் மேல் நெளிநெளியான கோலம் போன்ற வரிகள் தெரிந்தால், அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிச் செய்த பழங்காலக் குழல். அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். இன்றைய தோட்டாவை அதில் இடுவதை நான் ஒப்பமாட்டேன்.

செந்தூல் வழக்கறிஞர் (கோலாலம்பூர்):

தொழில்நுட்பத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். குழலைக் குறைக்கும் யோசனையைச் சொன்ன நண்பரின் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். உரிமம் என்பது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் தரப்படுவது. உரிமத்தில் எழுதியிருக்கும் துப்பாக்கியும் கையில் இருக்கும் துப்பாக்கியும் ஒன்றாக இருக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் துப்பாக்கி பழுதுபார்ப்பதையே தொழிலாகச் செய்பவருக்கும் தனி உரிமம் தேவை. ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம், தெரிந்தவர்தானே என்று எடுத்துக்கொண்டு போனால், கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே சிக்கலில் மாட்டுவீர்கள்.

தண்டனையைத் தெரிந்துகொண்டால் இதன் கனம் புரியும். உரிமமின்றி வைத்திருப்பதற்கு ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறையோ, 10,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கப்பட்டால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. பெரியவரின் வீட்டிலிருந்து துப்பாக்கியை நீங்களே எடுத்து வந்து 'ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்பதும் இதற்குள் அடங்கிவிடும். கைமாற்றத்துக்கான அனுமதி கையில் வரும்வரை அது கடையிலோ பெரியவரிடமோ இருக்கட்டும்.

இனி வீட்டுக் காவல். உரிமம் எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டது என்பதை வரி வரியாகப் படியுங்கள். பயிர்க் காப்புக்காகக் கேட்டுவிட்டு, மனத்தில் வீட்டுக் காவலை வைத்திருப்பது நல்லதன்று; அந்த எண்ணம் இருந்தால் விண்ணப்பத்திலேயே சொல்லி அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள். தோட்டத்திலும் உரிமம் ஒன்றே போதாது. காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு 2010-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தானின் (வனவுயிர்த் துறை) அனுமதியைப் பற்றியும் விசாரியுங்கள்.

தற்காப்புரிமை நம் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. இரவில் வீட்டை உடைத்துப் புகுதல் 103-ஆவது பிரிவில் சொல்லப்பட்டுள்ளது என்பதைச் சிலர் பிடித்துக்கொண்டு, இரவில் யார் வந்தாலும் சுடலாம் என்று பேசுவார்கள். அதே சட்டத்தின் 99-ஆவது பிரிவு, அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை என்றும், தேவைக்கு மிஞ்சிய தீங்கு விளைவிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வேலியைத் தாண்டி ஓடுகிறவனின் முதுகில் ரவை பட்டால், அந்த இரவுக்குப் பிறகு உங்கள் வாழ்க்கை நீதிமன்றப் படிகளிலேயே கழியும்.

கெப்போங் இளைஞன் (கோலாலம்பூர்):

அமெரிக்கர்கள் எழுதுவதையெல்லாம் படித்துப் பார்த்தேன். அவர்கள் 1950-இல் வெளிவந்த ரெமிங்டன் 870 போன்ற பம்ப் துப்பாக்கியைப் (முன்கட்டையை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) பழையதாக வாங்கி, சுருள்வில்களை மாற்றி, குட்டைக் குழலும் விளக்கும் பொருத்தி, மிகக் குறைந்த செலவில் வீட்டுக் காவலுக்கு வைத்துக்கொள்கிறார்கள். நாம் ஏன் இந்தக் கிழட்டு இரட்டைக்குழலோடு மல்லுக்கட்ட வேண்டும்? மேலும், ரவைத் துப்பாக்கி என்றால் குறி பார்க்கவே தேவையில்லை, வாசலை நோக்கிச் சுட்டால் போதும் என்கிறார்களே?

பட்டறைவாசி:

தம்பி, அங்கே காவல்துறையினர் பயன்படுத்திக் கழித்த 870-கள் மலிவாகக் கிடைக்கும். மாற்று உதிரிகளும் தாராளம். அவர்களுக்குப் பழையது வாங்குவது மிச்சம். குட்டைக் குழலுக்கு அங்கேயும் எல்லை உண்டு: 18 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிப் பதிவு வேண்டும். இங்கே உரிமம் எதற்குக் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் நாம் பேச முடியும்.

குறி பார்க்கத் தேவையில்லை என்பது தவறான பேச்சு. வாய்க்குறுக்கம் இல்லாத குழலிலிருந்து புறப்படும் ரவை, ஒரு கெஜத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் விரியும் என்பது தோராயக் கணக்கு. உங்கள் வீட்டு முன்கூடத்தின் நீளம் எவ்வளவு? நான்கைந்து கெஜம்தானே. அந்தத் தூரத்தில் ரவை முழுவதும் நான்கைந்து அங்குல அகலத்துக்குள் ஒன்றாகவே போகும். பன்றிக்காகச் 'சோக்' (வாய்க்குறுக்கம்) வைத்த குழலில் இன்னும் நெருக்கமாகப் போகும். தவறினால் அத்தனையும் தவறும். தவறிய ரவை சன்னலைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போகும். அடைத்த அறைக்குள் 12 போரின் ஓசை 150 டெசிபெலுக்கு மேல் இருக்கும் என்பதையும், அதன் பிறகு மனைவி கூப்பிடுவதுகூட உங்கள் காதில் விழாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

செம்பனைக்காரன்:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. அப்படியென்றால், இரவில் மட்டும் தோட்டாவை இட்டு, பாதுகாப்புப் பூட்டைப் போட்டுக் கட்டிலுக்கு அருகில் வைப்பது எப்படி? எடுத்து, திறந்து, இட்டு, மூடுவதற்குள் திருடன் உள்ளே வந்துவிடுவானே.

பட்டறைவாசி:

வேண்டாம். வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தி) தெரியாத இரட்டைக்குழல்களில் பெரும்பாலானவை 1875-இல் வந்த ஆன்சன்-டீலி அமைப்பைப் பின்பற்றியவை. குழலை மடக்கித் திறக்கும்போதே உள்ளே இருக்கும் குதிரைகள் ஏறி நின்றுவிடும். மேலே இருக்கும் பாதுகாப்புப் பொத்தான் பெரும்பாலும் விசையை மட்டும்தான் தடுக்கும். குதிரையைப் பிடித்து நிறுத்தாது. உள்ளே பிடிமானம் தேய்ந்த பழைய துப்பாக்கி, சுவரில் சாய்த்து வைத்தது சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்தால், பொத்தான் போட்டிருந்தாலும் வெடிக்கக்கூடும். விசை இழுப்பின் கனத்தையும் இந்தப் பிடிமானத்தையும் பழுதுபார்ப்பவரிடம் சொல்லிச் சோதிக்கச் செய்யுங்கள். அதற்கு ஆகும் கூலி வீண் செலவாகாது.

பழைய தோட்டாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர் துப்பாக்கியோடு ஒரு பெட்டித் தோட்டாவையும் எடுத்துக் கொடுப்பார், பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் காகித உறை ஊதியிருக்கும், பித்தளை அடி பச்சை பூத்திருக்கும். அவற்றைத் தொடாமல், எப்படி ஒப்படைப்பது என்று காவல்நிலையத்தில் கேளுங்கள். வெடிமருந்து அரைகுறையாக எரிந்து, மருந்துக்கும் ரவைக்கும் இடையே உள்ள அடைப்புத் தக்கை குழலின் நடுவில் நின்றுவிட்டால், அடுத்த குண்டு குழலையே பிளந்துவிடும். 12 போரைவிட ஒல்லியான 20 போர் தோட்டா ஒன்று 12 போரோடு கலந்து கிடந்தாலும் அதே ஆபத்துதான். அது அறையைத் தாண்டி உள்ளே வழுக்கிப் போய் நின்றுகொள்ளும். அறை காலி என்று நினைத்து மேலே ஒரு 12-ஐ இட்டால் முடிந்தது கதை. 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் உறை போடுவதே இதற்காகத்தான்.

மேஜை அக்கா (புக்கிட் மெர்த்தாஜாம்):

நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் என் கணவர் வீட்டில் ஒன்று இருந்தது. ஆகவே ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து கேட்கிறேன். தம்பி, உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் வெளியூர் போன இரவில் உங்கள் மனைவி அதை எடுக்கக்கூட முடியாது. அப்படியென்றால், நீங்கள் இல்லாத இரவுகளுக்கு வீட்டுக் காவல் எது?

எங்கள் வீட்டில் மாமனார் துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறொரு பூட்டில் வைத்திருந்தார். திருடன் வந்த அன்று அது பெட்டியிலேயே இருந்தது. பின்கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் இருந்தது, நாய் குரைத்தது, பக்கத்து வீட்டுச் சீனர் விளக்கைப் போட்டார், வந்தவன் போய்விட்டான். 1,500 வெள்ளியில் பின்வாசல் கிரில்லுக்கும் அசைவு கண்டால் எரியும் விளக்குக்கும் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டீர்களா?

பழைய கிராணி:

தங்கச்சி கேட்பது நியாயம். ஆனாலும் தோட்டத்து நடுவில் தனி வீட்டில் இருப்பவனுக்கும் தாமானில் வரிசை வீட்டில் இருப்பவனுக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. காவல்துறை வண்டி வந்து சேர நேரமாகும் இடத்தில், உரிமத்தில் இடம் இருந்தால், துப்பாக்கி இருப்பது தைரியம்தான். நம் செம்பனைக்காரர் இருப்பதோ தாமானில். அங்கே எனக்கு அக்காவின் கட்சிதான்.

செம்பனைக்காரன்:

இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், அக்கா. நீங்கள் கேட்டதை மனைவியும் கேட்டுவிட்டாள். துப்பாக்கியைத் தோட்டத்துக்கென்றே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். கட்டையையும் பூச்சையும் பற்றி மட்டும் பட்டறை அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டறைவாசி:

கழுத்துக் கீறல் பெரும்பாலும் எண்ணெயால் வருவது. துப்பாக்கியைக் குழல்வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தால், அடித்த எண்ணெய் எல்லாம் மெல்ல வழிந்து இயக்கப் பெட்டிக்குப் பின்னால் உள்ள மரத்தில் ஊறும். மரம் கறுத்து, மென்மையாகி, ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்கும். பழுதுபார்ப்பவர் கட்டையைக் கழற்றி, வெண்சுண்ணப் பொடியைப் பசையாக்கிப் பூசி எண்ணெயை உறிஞ்ச விடுவார். பொடி வெளுப்பாகவே நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். எண்ணெய் போன பிறகுதான் எப்பாக்சிப் பசை மரத்தில் பிடிக்கும். எண்ணெயின் மேலேயே ஒட்டினால் முதல் நாளிலேயே விட்டுப்போகும். மேற்பூச்சுக்கு ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டு, மிக மெல்லியதாக, ஒவ்வொரு படலமும் காய்ந்த பிறகு அடுத்ததாகத் தேய்த்தால் போதும். இதை மட்டும் நீங்களே பொறுமையாகச் செய்யலாம்.

பூச்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிக் கறுப்பாக்கும் முறை, ஒற்றைக் குழலுக்கும் பம்ப் துப்பாக்கிக்கும் சரி. உங்கள் இரட்டைக்குழலின் பட்டை ஈயப் பற்றுவைப்பால் ஒட்டியது. அந்தக் காரம் பற்றுவைப்பைத் தின்றுவிடும். மலிவாக முடிகிறதே என்று கொடுத்தால் பட்டை கழன்று வரும். மெதுவாகத் துருவேற்றிக் கறுப்பாக்கும் பழைய முறையே இதற்கு ஏற்றது. அதற்குக் கூலி அதிகம். ஆகவே இந்த முறை பூச்சை விட்டுவிடுங்கள். மிக நுண்ணிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து மேல்துருவை மட்டும் மெதுவாக எடுத்து, பூச்சு போன இடத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் தோட்டத்துத் துப்பாக்கிக்கு அது போதும்.

வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டுப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையில்லாமல், குழல்வாய் கீழே இருக்கும்படி, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அந்த மணிகளை அவ்வப்போது காய வைக்க மறந்தால் அவை இருந்தும் பயனில்லை.

செம்பனைக்காரன்:

கடைக்குப் போய் வந்தேன். குழல் ஆடவில்லை, தட்டியதும் ஓசை நன்றாக நீண்டது. வலக்குழலில் முத்திரை தெளிவாக இருக்கிறது, அறை நீளம் இரண்டரை அங்குலம் என்று பொறித்திருக்கிறது. கடைக்காரர் சுவர்த் தடிப்பை அளந்ததில் இடக்குழலின் நடுப்பகுதி மட்டும் எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது. தேய்க்க வேண்டாம், குழிகளை அப்படியே விட்டுவிடலாம் என்றார். 65 மில்லிமீட்டர் தோட்டா வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் வந்த பிறகுதான் பெரியவரிடம் விலை பேசுவேன். கட்டை வேலைக்கும் விசைச் சோதனைக்கும் சேர்த்துக் கடையில் சொன்ன கூலி என் ஒதுக்கீட்டில் பாதிக்குள் அடங்குகிறது. மீதிக்குப் பின்வாசல் கிரில் போட ஆள் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார்.

செந்தூல் வழக்கறிஞர்:

அனுமதிக் கடிதம் வந்ததும் அதிலுள்ள தொடர் எண்ணைக் குழலில் உள்ள எண்ணோடும் இயக்கப் பெட்டியில் உள்ள எண்ணோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய துப்பாக்கிகளில் குழல் மாற்றப்பட்டு இரண்டும் வேறுவேறாக இருப்பதுண்டு. அப்படி இருந்தால் வாங்கும் முன்பே காவல்துறையில் சொல்லிப் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள்.